மிருகக்காட்சிச்சாலைக்கு என்ன பெறுமதி? வாசகர் கேள்விகள்

கிளிநொச்சி வாசகர்: தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையின் பெறுமதி என்றால் வருடம் முழுக்க விற்ற சீட்டுக் காசுதானே?

இல்லை. சீட்டு விலை அரசு வைத்தது. அதற்கு மேலும் எவ்வளவு வரை கேட்டால் கொடுத்துப் போயிருப்பீர்களோ, அந்த மிச்சம்தான் நுகர்வோர் மிகை. நூறாவது தடவையாகச் சொல்கிறேன்: விலை வேறு, பெறுமதி வேறு.

வவுனியா மாணவர்: பயணச் செலவு முறையில், அதாவது ஆட்கள் வந்துபோன செலவையே விலையாக வைத்து ஓர் இடத்தின் பெறுமதியைக் கணிக்கும் முறையில், ஆய்வு செய்கிறேன். வன்னியிலிருந்து வான் பிடித்து வந்த குடும்பங்களின் முழுச் செலவையும் சேர்க்கலாமா?

தம்பி, அவர்கள் எதற்குக் கொழும்புப் பக்கம் வந்தார்கள் என்று கேட்டீர்களா? நீங்கள் அனுப்பிய வினாக்கொத்தில் அந்தக் கேள்வியே இல்லை. எங்கள் சனம் வான் பிடிப்பது பெரும்பாலும் கட்டுநாயக்காவுக்கு. வெளிநாடு போகிற மச்சானை ஏற்றிவிட்டு, அழுத கண்ணோடு, "வந்தது வந்தோம், பிள்ளைகளுக்கு மிருகங்களைக் காட்டிக்கொண்டு போவம்" என்று தெஹிவளைக்குத் திருப்புவார்கள். பின்சீற்றில் முதல்நாள் இரவு கட்டிய புளிச்சோற்றுப் பார்சல் மணக்கும். வானுக்கு 50,000 ரூபா என்று வையுங்கள். அதை முழுக்கச் சிங்கத்தின் தலையில் கட்டலாமா? கட்டுநாயக்காவிலிருந்து போன 40 சொச்சம் கிலோமீற்றர், சீட்டு, அங்கே நின்ற நேரம். அவ்வளவுதான் உங்கள் கணக்கு. நேரத்துக்குக் கூலியில் மூன்றிலொரு பங்கு போடுவது வழக்கம். 1947இல் ஹோட்டலிங் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் பூங்காவைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பிரித்து, எந்த வட்டத்திலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்க்கச் சொன்னார். பூங்காவுக்கென்றே வந்தவர்களை வைத்தால்தான் அது சரிவரும். வந்த நோக்கத்தைக் கேளுங்கள்.

முல்லைத்தீவு வாசகர்: யானை எங்கள் வயலுக்கே சும்மா வருகிறது. காசு கொடுத்துப் பார்ப்பானேன்?

வயலுக்கு வருகிற யானை வராமலிருக்க நீங்கள் காசு கொடுப்பீர்கள். அதுவும் பெறுமதிதான், சக சய குறி மட்டும் மாறும். இரண்டையும் ஒன்றாகக் கூட்ட வேண்டாம்.

மாங்குளம் வாசகர்: நான் அங்கே போனதுமில்லை, போகப்போவதுமில்லை. என் பங்கு பூச்சியமா?

அந்த மிருகங்கள் இருந்தால் போதும் என்று நினைத்தால் பூச்சியமில்லை. 1967இலேயே பொருளியலாளர் குரூட்டில்லா இதை எழுதிவிட்டார். பயணச் செலவு முறையில் மட்டும் அது அகப்படாது. எவ்வளவு தருவீர்கள் என்று ஆளைத்தான் கேட்க வேண்டும்.

மல்லாவி ஆசிரியர்: "எவ்வளவு தருவீர்கள்" என்று கேட்டால் ஆட்கள் அள்ளி விடுகிறார்களே?

விடுவார்கள், பையிலிருந்து போகாத காசுதானே! அலாஸ்காவில் எக்ஸன் வால்டெஸ் கப்பலின் எண்ணெய்க் கசிவு வழக்கை ஒட்டி, இப்படிக் கேட்டு வரும் தொகையை நம்பலாமா என்ற சண்டை பெரிதாக, 1993இல் பொருளியலாளர்கள் அரோ, சோலோ தலைமையிலான குழு வழி சொன்னது: தொகையை நீங்களே சொல்லி, ஆமா இல்லையா என்று மட்டும் கேளுங்கள். அப்புறம், வந்த நோக்கத்தையும்.