'ரன்' என்ற ஒரு சொல்லுக்கு எப்படி இத்தனை பொருள்?

ஆங்கிலத்தில் ஓடுவதும் ரன், கம்பெனி நடத்துவதும் ரன், தேர்தலில் நிற்பதும் ரன். இப்படி ஒன்றோடொன்று தொடர்புடைய பல பொருள்களைத் தரும் சொல்லைப் பலபொருள் ஒருசொல் என்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் 1989 பதிப்பு வரை பொருள்களின் எண்ணிக்கையில் 'செட்' தான் முன்னால் நின்றது. பிறகு நடந்த திருத்தத்தில் 'ரன்' அதை முந்தியது. வினையாக மட்டும் 645 பொருள்.

காரணம் எளிது. புதிதாக ஒன்று வரும்போது மக்கள் புதுச்சொல் தேடுவதில்லை, கைவசம் உள்ளதையே நீட்டிக்கொள்கிறார்கள். காலால் ஓடுவதும் ஆறு ஓடுவதும் பழையவை, அப்புறம் எந்திரம், தொழில், கடைசியில் கணினி நிரல். கிரிக்கெட் ரன்னும் ஆட்டக்காரர் நிஜமாகவே ஓடி எடுத்ததுதான்.

நம் பக்கம் பாருங்கள். விசைத்தறிகள் நிறைந்த சோமனூரில் "தறி ஓடுதுங்களா?" என்று கேட்டால் யாருக்கும் குழப்பமில்லை. தோட்டத்தில் மோட்டார் ஓடுகிறது, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, கடை ஓடுகிறது, பொழப்பும் ஓடுகிறது. ஆங்கிலமும் இதே வேலையைத்தான் செய்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் தாராளமாக. எல்லா இடத்திலும் இரண்டும் பொருந்தாது என்பது உண்மை: துவைத்த பனியனில் கலர் 'ரன்' ஆனால் நாம் சாயம் போச்சு என்போம், மூக்கு 'ரன்' ஆனால் ஒழுகுது என்போம்.

645 பொருளையும் மனப்பாடம் செய்தால்தான் ஆங்கிலம் வரும் என்று பலர் பயப்படுகிறார்கள்; அது தேவையே இல்லை, பக்கத்தில் வரும் சொல்லே எந்தப் பொருள் என்று காட்டிவிடும்.