டின்னில் வராத நொதி

அன்புள்ள ஐயா,

எங்களுக்குக் கரிசலில் மூன்று ஏக்கர் மானாவாரிப் பருத்தி. உரக்கடையில் 'என்சைம்' என்று ஒரு டின்னைக் கொடுத்து, தெளித்தால் பஞ்சு கெட்டிப்படும் என்றார்கள். அப்பா வாங்கிவிட்டார். பிளஸ் டூ படிக்கும் தங்கையோ, நொதி என்றால் உடைப்பதும் செரிக்க வைப்பதும்தான், அது பஞ்சையே அரித்துவிடும் என்கிறாள். யார் சொல்வது சரி? பஞ்சு நாராக இருக்கிற செல்லுலோஸ் இயற்கையாகத் தானே உருவாகிவிடும் இல்லையா?

ஒரு வாசகர், அருப்புக்கோட்டை

அன்புள்ள தம்பி,

இரண்டு பேர் சொல்வதும் தப்பு. ஆனால் தங்கையின் தப்பு பாடப்புத்தகத்தை நம்பியதால் வந்தது. அவளைத் திட்டாதீர்கள். எச்சிலில் தொடங்கிக் குடல் வரை செரிமான நொதிகளாகவே படித்த பிள்ளைக்கு, நொதி என்றால் கத்திரிக்கோல் என்றுதான் தோன்றும்.

உங்களைத்தான் திட்ட வேண்டும். 'இயற்கையாகத் தானே' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தத் 'தானே'வை இனி எழுதாதீர்கள். தானாக எதுவும் ஆவதில்லை.

பருத்தி நார் ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல். பூ மலர்கிற நாளையொட்டி விதைத்தோலிலிருந்து முடி மாதிரி எழும்புகிறது. அதன் மேல்சவ்வில் செல்லுலோஸ் சிந்தேஸ் என்ற நொதி கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் ஆறிதழ்ப் பூ. உள்ளிருந்து குளுக்கோஸை ஒன்றுடன் ஒன்று கோத்து, சவ்வைத் தாண்டி வெளியே இழையாக விடுகிறது. பக்கத்துப் பக்கத்து இழைகள் சேர்ந்து முறுக்கேறாத கயிறு போல இறுகிக்கொள்கின்றன. கோக்க வேண்டிய குளுக்கோஸை இலையிலிருந்து வரும் சர்க்கரையிலிருந்து பிரித்துக் கொடுக்க இன்னொரு நொதி. செடிகளில் இந்தக் கோக்கும் நொதிக்கான மரபணு முதலில் பிடிபட்டதே பருத்தி நாரை ஆராய்ந்தபோதுதான். 1996-ல் டெபோரா டெல்மரின் குழு அதை வெளியிட்டது.

தங்கைக்கு ஒரு செய்தி. செல்லுலோஸை வெட்டுகிற நொதி ஒன்றும் இந்த வேலைக்கு வேண்டும். அராபிடாப்சிஸ் என்ற கடுகு இனத்துச் சிறு செடியில் அது பழுதானபோது செடி குள்ளமாகிப்போனது. பிரான்சின் பிரெட்டன் மக்களுடைய கதைகளில் வரும் குள்ளனின் பெயரையே அதற்கு வைத்தார்கள்: கோரிகன். வெட்டுகிறவன் இல்லாமல் கட்டடம் சரியாக எழும்பவில்லை. ஆக அவள் சொன்னதில் கால்வாசி உண்மை இருக்கிறது, போய்ச் சொல்லுங்கள்.

சரி, டின். நொதி ஒரு புரதம். நார் செல்லின் சவ்வில் வேலை செய்யும் நொதியை அந்தச் செல்லேதான் செய்துகொள்ள வேண்டும். இலைமேல் தெளித்தது நடந்துபோய் அங்கே உட்காராது. டின்னில் கடற்பாசிச் சாறோ வேறு எதுவோ இருக்கலாம், அது வேறு கதை. 'பஞ்சு கெட்டிப்படும்' என்றாராமே, அதுதான் என்னைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது.

நான் ஒரு நூல் மில்லின் சோதனை அறையில் இருந்தவன். ஒருமுறை எங்கள் நூலில் நெய்து கருநீலச் சாயம் போட்ட துணி திரும்பி வந்தது. மேலெல்லாம் பொடுகு உதிர்ந்த மாதிரி வெள்ளைப் புள்ளி. சாயப்பட்டறைக்காரரை வரச்சொல்லி எங்கள் மேலாளர் நிற்கவைத்துக் கத்தினார். நான் ஊசியால் ஒரு புள்ளியைக் கிளறி எடுத்து, 18 சதவீதக் காஸ்டிக் சோடாவில் நனைத்து நுண்ணோக்கியில் வைத்தேன். நல்ல நார் அதில் ஊறி உருளைக் கம்பியாகப் புடைக்கும். இது புடைக்கவில்லை. காற்றுப் போன சைக்கிள் டியூப் போலத் தட்டையாக, சுவர் தடிக்காமல் கிடந்தது. சாயம் ஏறிப் பிடிக்க அங்கே செல்லுலோஸ் எங்கே இருக்கிறது? பட்டறைக்காரர் மேல் குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்தேன். பில்லில் கழித்த பணம் மட்டும் அவருக்குத் திரும்பவில்லை. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து எனக்கு இந்த ஒரு பைத்தியம். வியாபாரி, மில்காரர், விவசாயி எல்லாரும் நார் எத்தனை மில்லிமீட்டர் என்றே கேட்கிறார்கள். நீளம் முதல் இரண்டு மூன்று வாரத்தின் வேலை. சுவர் அப்புறம்தான். பூத்துப் பதினாறு, இருபது நாளில் தொடங்கி, காய் வெடிக்கப்போகும் வரை உள்பக்கமாகச் செல்லுலோஸ் படிகிறது, வெங்காயத் தோல் மாதிரி நாளுக்கொரு படலமாக. இரவு குளிர்ந்தால் வேகம் குறையும், பகலில் ஏறும். வெளிச்சமும் வெப்பமும் மாறாத அறையில் வளர்த்த செடியின் நாரில் இந்த வளையங்களே தெரிவதில்லை. அந்த மூன்று நான்கு வாரத்தில் ஈரம் வற்றியோ பூச்சி உறிஞ்சியோ இலை சிவந்து உதிர்ந்தால், நொதி இருந்தும் கோக்கச் சர்க்கரை இல்லை. காய் எப்படியும் வெடித்துவிடும். வெளியே பார்த்தால் அதுவும் வெள்ளைப் பஞ்சுதான். மில்லில் மைக்ரோனேர், அதாவது நாரின் பருமனையும் முற்றலையும் சேர்த்துக் காட்டும் எண், 3.5-க்குக் கீழே இறங்கினால் விலையில் கைவைப்பது இதனால்தான். அந்த எண்ணிலும் ஒரு கோளாறு உண்டு: பிறவியிலேயே மெல்லிய நாரையும் முற்றாத நாரையும் அது பிரித்துச் சொல்லாது. அதைப் பற்றி எழுதினால் இரவு முழுக்க ஓடும், விடுங்கள்.

அப்பா டின்னுக்குக் கொடுத்த பணம் போனது போகட்டும். அதை வைத்து அவரைக் கேலி செய்யாதீர்கள். காய் முற்றுகிற நாட்களில் இலையைக் காப்பாற்றச் சொல்லுங்கள். பிறகு, நுனிக்கிளையில் கடைசியாக வெடிக்கிற அரைக்காய்ப் பஞ்சை முதல் பறிப்போடு கலக்காமல் தனிச் சாக்கில் கட்டச் சொல்லுங்கள்.