நவம்பர் 1: அனுப்புவதா, வேண்டாமா?

கொரோனாவால் மூடிக் கிடந்த பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1, திங்கட்கிழமை திறக்கின்றன என்ற அறிவிப்பு வந்ததிலிருந்து எனக்கு வரும் கடிதங்கள் அநேகமாக எல்லாமே அதைப் பற்றியவைதான். 33 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தேன். அதில் 9 ஆண்டுகள் ஏற்காடு மலையில். இந்த இதழில் ஐந்து கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறேன்.

என் மகள் இரண்டாம் வகுப்பு. ஆனால் ஒருநாள்கூடப் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. நானும் கணவரும் வீட்டிலேயே கொலுசு வேலை செய்கிறோம். எங்களை விட்டு அவள் ஒரு மணி நேரம்கூட இருந்ததில்லை. நோய் பயமும் இருக்கிறது. தீபாவளி முடிந்து அனுப்பலாமா, அம்மா?
– வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பள்ளிகளைப் பூட்டியது 2020 மார்ச்சில். அந்த ஆண்டு முதல் வகுப்பில் பெயர் கொடுத்த பிள்ளைகள் எல்லாருமே உங்கள் மகளைப் போலத்தான், தாயே. பதிவேட்டில் இரண்டாம் வகுப்பு என்று இருக்கும். மணி அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. திங்கட்கிழமை அவள் அழுதால் அது முதல் வகுப்புப் பிள்ளையின் அழுகை என்று எடுத்துக்கொள்ளுங்கள். "இவ்வளவு பெரியவள் அழலாமா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

தீபாவளி வரை காத்திருக்க வேண்டாம். அன்று வியாழன். அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் கூட்டம் குறைவாக இருக்கும், டீச்சருக்கு ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்துப் பேச நேரம் கிடைக்கும். புதுத்துணியைப் பற்றிச் சொல்ல அவளுக்கு ஒரு தோழியாவது அதற்குள் கிடைத்திருப்பாள்.

நோய் பயம் நியாயமானது. சிறுவர்களுக்குத் தடுப்பூசி இந்த 2021 அக்டோபர் வரை வரவில்லை. அதனால் அவர்களைச் சுற்றியிருக்கும் பெரியவர்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும். நீங்களும் கணவரும் வீட்டிலுள்ள முதியவர்களும் இரண்டு தவணையும் போட்டாயிற்றா? இல்லையென்றால் அடுத்த முகாமுக்கே போய்விடுங்கள். வருகை கட்டாயம் இல்லை என்று அரசு சொல்லியிருக்கிறது, முடிவு உங்களுடையதுதான். குழந்தைக்கு இதயக் கோளாறு போன்ற நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். இல்லையென்றால், என்னைக் கேட்டால் அனுப்புங்கள்.

மகன் எட்டாம் வகுப்பு. எங்கள் ஊரில் போனில் சிக்னல் கிடையாது. பாறைமேல் ஏறி நின்றால்தான் கிடைக்கும். இரண்டு வருடமாக அவன் ஒன்றும் படிக்கவில்லை. இப்போது காப்பிப் பழம் பறிக்கும் காலம். அவனும் வந்தால் கடனில் கொஞ்சம் அடையும். இந்த ஒரு பருவம் மட்டும் பறிக்கட்டும், பொங்கல் கழித்து அனுப்புகிறேன். தவறா, டீச்சர்?
– எஸ்டேட் தொழிலாளி, ஏற்காடு வட்டம்

தம்பி, உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். கடன் என்ற சொல்லை நீங்கள் எழுதிவிட்டு அடித்து, மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் உங்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால், ஆமாம், தவறுதான்.

மலையில் நான் வேலை பார்த்த வருடங்களில் நவம்பர் வந்தால் என் வருகைப் பதிவேட்டைப் பார்க்கவே பயப்படுவேன். "பொங்கல் கழித்து வருவான், டீச்சர்" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பொங்கல் வரும். காப்பி முடிந்த கையோடு மிளகு வந்துவிடும். மிளகு முடியும்போது தேர்வு வந்து நிற்கும். படிக்காமல் எப்படித் தேர்வுக்குப் போவது என்ற வெட்கம் பையனைப் பிடித்துக்கொள்ளும். ஜூனில் தன்னைவிடச் சின்னவர்களோடு உட்கார வேண்டுமே என்று இன்னொரு வெட்கம். அப்படி என் கையிலிருந்து நழுவிய பிள்ளைகளின் பெயர்களை இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். அவர்களில் ஒருவரும் ஒரு பருவத்துக்கு மேல் வேலை செய்வதாக நினைத்துப் போனவர்கள் அல்லர்.

உங்கள் மகன் கடைசியாக வகுப்பில் உட்கார்ந்தது ஆறாம் வகுப்பில். ஆறும் ஏழும் தேர்வில்லாமலே தேர்ச்சி என்று போட்டுவிட்டார்கள். இப்போது எட்டில் சில மாதங்கள்தான் மீதி இருக்கின்றன. இந்த மாதங்களையும் விட்டுவிட்டால் ஒன்பதாம் வகுப்பு வாசலில் ஆறாம் வகுப்புப் படிப்போடு நிற்பான். அங்கேயிருந்துதான் பிள்ளைகள் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

இன்னொன்று. 14 வயது நிரம்பாதவனைக் கூலி வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம், தோட்டத்துக்காரர் மாட்டிக்கொள்வார். 6 முதல் 14 வயது வரை படிப்பது அவனுடைய உரிமை என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பள்ளி திறந்தால் மதியச் சாப்பாடும் முட்டையும் அங்கேயே கிடைக்கும். அந்த ஒரு வேளையாவது உங்கள் செலவில் குறையும். கடனைப் பற்றித் தலைமையாசிரியரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். கடனை அவரால் அடைக்க முடியாது. ஆனால் பையன் ஏன் சோர்ந்திருக்கிறான் என்று அவருக்குத் தெரிந்திருப்பது அவனுக்கு நல்லது.

மகன் மூன்றாம் வகுப்பு. இந்தக் குளிரிலும் பனியிலும் ஜன்னல்களைத் திறந்துவைத்துத்தான் வகுப்பு நடத்துவார்களாம். சளி பிடிக்காதா?
– வாசகி, ஏற்காடு

மலைப்பள்ளிகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஜன்னலை இறுக்கிச் சாத்திக்கொண்டு பாடம் நடத்தித்தான் எங்களுக்கெல்லாம் பழக்கம். நானும் அப்படித்தான் நடத்தினேன். ஆனால் இந்தக் கிருமி மூச்சுக்காற்றில் மிதப்பது. மூடிய அறையில் அது தங்கிவிடும், காற்றோட்டம் இருந்தால் கலைந்துபோகும். ஆகவே ஜன்னல் திறந்தே இருக்கட்டும். ஸ்வெட்டர் போட்டு, காதை மூடக் குல்லாவும் கொடுத்து அனுப்புங்கள். முகக்கவசம் நனைந்தால் மாற்ற இன்னொன்றைப் பையில் வையுங்கள். காய்ச்சலோ இருமலோ இருந்தால் அன்று வீட்டில் இருக்கட்டும், அதற்காக யாரும் திட்டமாட்டார்கள்.

தனியார் பள்ளிக்குக் கட்டணப் பாக்கி வைத்திருக்கிறோம். மாற்றுச் சான்றிதழ் தர மறுக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு மகளை அரசுப் பள்ளியில் சேர்க்க முடியுமா?
– வாசகர், கொண்டலாம்பட்டி

முடியும். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டி எட்டாம் வகுப்பு வரை எந்த அரசுப் பள்ளியும் சேர்க்கையை மறுக்கக் கூடாது. நான் மேலே சொன்ன அதே சட்டத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு நேராகப் போங்கள். பாக்கியைப் பற்றிய பேச்சு அவள் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் நான்காம் வகுப்பு ஆசிரியை, பணியில் சேர்ந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகின்றன. வீடு வீடாகப் போனபோது பார்த்தேன், பல பிள்ளைகளுக்குச் சொந்தப் பெயரையே பிழையில்லாமல் எழுதத் தெரியவில்லை. முதல் நாளே ஒரு சோதனை வைத்து யார் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று பார்க்கலாம் என்றிருக்கிறேன். சரிதானே, அம்மா?
– ஆசிரியை, ஆத்தூர்

வேண்டாம் மகளே, கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். என் மூன்றாவது ஆண்டில் நானும் இதைத்தான் செய்தேன். அம்மா நோயில் படுத்ததால் நான்கு மாதம் வராமல் இருந்த ஒரு பெண், ஒரு காலையில் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். எங்கே விட்டாள் என்று பார்க்கலாம் என்று பலகையைக் கொடுத்து எழுதச் சொன்னேன். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் தடுமாறினாள். பக்கத்துப் பையன் சிரித்தான். மறுநாள் அவள் வரவில்லை. மூன்று முறை வீட்டுக்கு நடந்தேன். மூன்று முறையும் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள், வெளியே வரவே இல்லை.

உங்கள் பிள்ளைகள் நான்கு மாதம் அல்ல, 19 மாதம் கழித்து வருகிறார்கள். இரண்டாம் வகுப்பின் கடைசியில் நிறுத்திவிட்டு நான்காம் வகுப்பின் நடுவில் வந்து உட்காரப் போகிறார்கள். சிலர் வீட்டில் இந்த நோயில் யாராவது போயிருக்கலாம். வருவதற்கு முன்பே அதை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள், வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்க வேண்டியிருக்காது.

முதல் வாரம் கதை சொல்லுங்கள். ஊரடங்கில் வீட்டில் என்ன வேலை கற்றுக்கொண்டார்கள் என்று கேளுங்கள். ஆடு மேய்த்தவன் இருப்பான், தம்பியைத் தூக்கி வளர்த்தவள் இருப்பாள், மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போனவன் இருப்பான். அவர்கள் சொல்வதை அவர்கள் சொற்களிலேயே நீங்கள் கரும்பலகையில் எழுதுங்கள். தான் சொன்னது அங்கே எழுத்தாக நிற்பதைப் பார்த்தால் அதைப் படிக்க ஆசை வரும். யாருக்கு எந்த எழுத்து மறந்திருக்கிறது என்பது அப்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும், அவர்களுக்குத் தெரியாமலே. அதை வீட்டுக்குப் போய் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். அந்த நோட்டு உங்களிடமே இருக்கட்டும்.