நிதி சுருங்கும் ஆண்டில் சமூகப் பணிக்கு எவ்வளவு மிஞ்சும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

காரைக்குடியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மாலை நேரப் படிப்பகம் நடத்துகிறோம். மாநகராட்சியிடம் உதவி கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். ஆனால், எங்கள் தெருவில் புதிய குடிநீர்க் குழாய் பதிக்கிறார்களே?

இரண்டும் ஒரே பையிலிருந்து வரும் பணம் அல்ல. நம் நகர்ப்புற உள்ளாட்சிகள் பொது நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, கல்வி நிதி எனத் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கின்றன. ஒன்றின் பணத்தை மற்றொன்றுக்கு விருப்பம்போல் எடுத்தாள இயலாது. பதினைந்தாவது நிதிக் குழு, 2021–26 காலத்துக்கு, பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கிவிட்டது. எஞ்சிய 40 விழுக்காட்டையும் சம்பளத்துக்குச் செலவிட அனுமதிக்கவில்லை. சொத்து வரியோடு நீங்கள் செலுத்தும் 10 விழுக்காடு நூலக வரியோ மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு உரியது. மாநகராட்சி அதை வசூலித்துக் கொடுப்பதோடு சரி.

எனவே, வருவாய் குறையும் ஆண்டில் கத்தி விழக்கூடிய இடம் பொது நிதி ஒன்றுதான். தொண்டு அமைப்புகளுக்கென்று தனி மானியத் தலைப்பு நம் ஊர்களின் வரவு செலவுத் திட்டத்தில் பெரும்பாலும் இருப்பதில்லை. வீடற்றோர் காப்பகம் போன்ற சிலவற்றை மட்டும் அமைப்புகளிடம் ஒப்படைத்து நடத்துகிறார்கள். பொதுவாக "நிதியுதவி" என்று எழுதாமல், உங்கள் தேவையைப் பிரித்துக் கேளுங்கள். புத்தகம் வேண்டுமானால் நூலக ஆணைக்குழுவை அணுகலாம். மாநகராட்சிப் பள்ளியின் ஓர் அறையை மாலையில் திறந்துவிடச் சொல்வதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

எல்லா அமைப்புகளுக்கும் மானியத்தைச் சமமாக 20 விழுக்காடு குறைத்துவிட்டால் யாருக்கும் வருத்தம் இராதே? (தேவகோட்டை வாசகர்)

வருத்தம் இராது, பயனும் இராது. ஒரு முதியோர் உணவுக் கூடத்தில் வாடகையும் சமையல்காரர் சம்பளமும் அப்படியே நிற்கும்போது, அந்த 20 விழுக்காடு முழுவதும் அரிசியிலும் பருப்பிலும்தான் பிடிக்கப்படும். ஆண்டுக்கு ஒருமுறை விழா நடத்தும் அமைப்போ பந்தலைச் சற்றுச் சுருக்கிக்கொண்டு தப்பிவிடும். அமெரிக்க நகரங்கள் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி நடுவண் அரசிடம் பெற்றுவரும் சமூக மேம்பாட்டுத் தொகுப்பு மானியத்தில், பொதுச் சேவைகளுக்குப் பொதுவாக 15 விழுக்காடு என்ற உச்சவரம்பு உண்டு. மொத்த மானியம் குறைந்தால் அந்தப் பங்கும் சேர்ந்து குறையும். ஆகையால், பல நகரங்கள் விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் இட்டு, இவ்வளவுக்குக் கீழே கொடுத்தால் வேலை நடக்காது என்ற குறைந்தபட்சத் தொகையையும் வரையறுத்து, சிலருக்கு இல்லை என்று சொல்லிவிடுகின்றன. கடுமையானதுதான், ஆனாலும் எல்லாரையும் அரைகுறையாக நிறுத்துவதைவிட நேர்மையானது என்பது என் கருத்து.

உங்கள் ஊர் வழக்கத்தையே பாருங்கள். நகரத்தார் கோயில் வரியில், மணமானவர் குடும்பம் ஒரு புள்ளி (வரிக் கணக்கின் அலகு) என்றால், துணையை இழந்தவர் அரைப்புள்ளிதான். வசூலிலேயே தாங்கும் திறனைப் பார்த்தவர்கள், வெட்டும்போது பார்க்கக் கூடாதா?

2022இல் எங்கள் பழைய வீட்டுக்கு வரி இரட்டிப்பானது. அந்தப் பணம் எங்கே?

1,800 சதுர அடிக்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கு, சென்னை தவிர்த்த நகரங்களில், அவ்வாண்டு 100 விழுக்காடு உயர்த்தப்பட்டது உண்மை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீளும் செட்டிநாட்டு வீடு எதுவும் அதற்குத் தப்பியிராது. ஆனால், கேட்பு (கட்டச் சொல்லி விதித்த தொகை) வேறு, வசூல் வேறு. பத்துப் பங்காளிகளுக்குப் பொதுவாகிப் பூட்டிக் கிடக்கும் வீட்டின் வரியை யார் கட்டுவது என்பது தீராதவரை, அது ஏட்டில் நிலுவையாகவே இருக்கும். வந்த பணத்திலும் சம்பளம், ஓய்வூதியம், மின்கட்டணம் ஆகியவை முந்திக்கொள்ளும்.

கோட்டையூர் ஊருணியைச் சீரமைக்க விரும்புகிறோம். சிங்கப்பூர் உறவினர்கள் பணம் தரத் தயார்.

2024இல் கோட்டையூர் காரைக்குடி மாநகராட்சியோடு இணைந்ததால், விண்ணப்பம் அங்கேதான் போக வேண்டும். நமக்கு நாமே திட்டத்தில், மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்காவது மக்கள் பங்களிப்பாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. நீர்நிலைப் பணிக்கான விகிதத்தை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். உறவினரின் கடவுச்சீட்டையும் பாருங்கள். இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலை செய்பவர், தம் சேமிப்பை வங்கி வழியே உங்கள் சங்கத்துக்கு அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால், அவர் சொந்தச் சித்தப்பாவே ஆனாலும், 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின்கீழ் அது வெளிநாட்டு நன்கொடைதான். பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது.

தையல் இயந்திரம் வாங்கப் பெற்ற மானியத்தில் சிறு தொகை மிஞ்சியுள்ளது. கூரையைப் பழுது பார்க்கலாமா?

கூடாது. மானியம் தந்தவரிடம் முதலில் எழுத்து வழி அனுமதி பெறுங்கள். அல்லது திருப்பிச் செலுத்திவிட்டு, மானியம் எப்படிச் செலவானது என்று தெரிவிக்கும் பயன்பாட்டுச் சான்றில் அந்தத் தொகையைத் தனியே காட்டுங்கள்.