தீக்குச்சி வாடை அடித்தால் போலி விஸ்கியா?

கேள்வி: ஷெர்ரி (ஸ்பானிய ஒயின்) பீப்பாயில் ஃபினிஷ் செய்த ஸ்காட்ச் சிங்கிள் மால்ட் வாங்கினேன், ஆல்கஹால் 46 சதவீதம். அத்திப்பழம், உலர்திராட்சை என்று லேபிளில் இருக்கிறது. எனக்குத் தெரிந்தது எரிச்சலும், உரசிய தீக்குச்சி வாடையும்தான். நிறம் அடர்த்தியாக இருப்பதால் ஷெர்ரி அதிகம் என்று விற்றவர் சொன்னார். இது போலியா, இல்லை எனக்குத்தான் சுவைக்கத் தெரியவில்லையா?

பதில்: பாட்டிலைக் கொட்டிவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் வாடை கந்தகம். அதை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. சிலருக்கு அது தெரியவே தெரியாது, சிலருக்கு முதல் மோப்பத்திலேயே பிடிபடும்.

காலிப் பீப்பாய் கெடாமல் இருக்க உள்ளே கந்தகத் திரி கொளுத்துவது ஒயின் தொழிலில் பழைய வழக்கம். அதன் மிச்சம் விஸ்கியில் இறங்கினால் தீக்குச்சி, ரப்பர் வாடை வரும். ஆனால் எல்லாக் கந்தகமும் பீப்பாயின் வேலை அல்ல. வடிக்கும்போதே சாராயத்தில் கந்தகம் இருக்கிறது, வடிக்கும் கலனின் செம்புதான் அதை இழுத்துக்கொள்கிறது. தண்ணீர்த் தொட்டிக்குள் சுருண்டு கிடக்கும் பழைய பாணிக் குழாயில் ஆவியைக் குளிர்விக்கும் ஆலைகளில் செம்பு படுவது குறைவு. அதனால் இறைச்சிச் சாறு போல ஒரு கனம் தங்கிவிடும். ஸ்காட்லாந்தின் மார்ட்லக் ஆலை அப்படிப்பட்டது. அது அந்த ஆலையின் குணம், குறை என்று நினைக்க வேண்டாம். கருகிய ரப்பர் அடித்தால் மட்டும் பீப்பாயைச் சந்தேகப்படுங்கள்.

சரி, எப்படிச் சுவைப்பது? வாய் குறுகிய கிளாஸில் 20 மில்லி ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். லேசான தீக்குச்சி வாடை பெரும்பாலும் அதற்குள் அடங்கும். மூக்கைக் கிளாஸுக்குள் நுழைக்காமல், வாயைச் சற்றுத் திறந்தபடி மோந்து பாருங்கள். முதல் மிடறு நாக்கைப் பழக்கத்தான், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அப்புறம் அரை டீஸ்பூன் தண்ணீர் விடுங்கள், எரிச்சல் தணியும். ஃபினிஷ் என்றால் விஸ்கி பல வருடம் வேறு பீப்பாயில், பெரும்பாலும் போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில், கிடந்துவிட்டுக் கடைசியில் ஷெர்ரிக்கு மாறியது. அதனால் வெனிலாவும் தேனும் முதலில் வரலாம். பழ வாசனையை விழுங்கிய பிறகு தேடுங்கள்.

விற்றவர் சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஸ்காட்ச் விதிகள் நிறத்துக்குக் கேரமல் சேர்க்க அனுமதிக்கின்றன, அதனால் நிறத்தை வைத்து ஷெர்ரியை அளக்க முடியாது. ஜெர்மனியில் அதை லேபிளில் சொல்லியாக வேண்டும், பிரிட்டனில் சொல்ல வேண்டியதில்லை. ‘பழைய ஷெர்ரி பீப்பாய்’ என்று கதை சொல்பவர்களையும் நம்பாதீர்கள். ஷெர்ரி பீப்பாயோடு கப்பலேறி வந்து, அந்தக் காலிப் பீப்பாய் விஸ்கிக்குப் போன காலம் 1980களிலேயே முடிந்தது. இன்று பெரும்பாலும் விஸ்கிக்காகவே புதுப் பீப்பாய் செய்து, ஓரிரு வருடம் ஷெர்ரி ஊற்றிப் பழக்குகிறார்கள். நல்ல முறைதான், ஆனால் அதைச் சொல்லி விற்கலாமே! 2009ஆம் ஆண்டு ஸ்காட்ச் விதிகள் ஓக் பீப்பாய் 700 லிட்டரைத் தாண்டக் கூடாது, குறைந்தது மூன்று வருடம் ஊற வேண்டும் என்றெல்லாம் அளந்து சொல்கின்றன. ஃபினிஷ் எத்தனை மாதம் என்று மட்டும் சொல்லவில்லை. மூன்று மாதமும் ஃபினிஷ், மூன்று வருடமும் ஃபினிஷ். பணம் கொடுப்பவருக்கு இதைத் தெரிந்துகொள்ளக்கூட உரிமை இல்லையா?

அடுத்த முறை விற்பவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: ஷெர்ரியில் எத்தனை மாதம், கேரமல் சேர்த்ததா? பதிலுக்கு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினால் அங்கே வாங்காதீர்கள்.