போனில் வீடியோ எடிட் பண்ணி எக்ஸ்போர்ட் செய்யும்போது எந்தத் தரம் வைப்பது? 4கே வைத்தும் மங்கலாகத்தான் இருக்கிறதே?

எடுத்தது 1080பி (படத்தில் எத்தனை புள்ளிகள் என்பதன் அளவு, 4கே அதைவிடப் பெரியது) என்றால் எக்ஸ்போர்ட்டும் 1080பி. நொடிக்கு 30 ஃப்ரேமில், அதாவது 30 படங்களாக, எடுத்திருந்தால் 30. பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடிப் படத்துக்குச் செலவாகும் டேட்டாவை, மட்டும் கொஞ்சம் தாராளமாக வையுங்கள். அவசரக்காரர்களுக்கு இது போதும்.

மற்றவர்களுக்கு நான் பட்ட பாடு. ஹட்டன் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாசியில் காமன் கூத்து நடக்கும். போன வருடம் அதைப் போனில் எடுத்து 12 நிமிடமாக வெட்டி ஒட்டினேன். எக்ஸ்போர்ட் பக்கத்தில் மூன்று கோடுகள் இருந்தன. மூன்றையும் வலது ஓரம் வரை இழுத்து விட்டேன். 4கே, 60 ஃப்ரேம், உச்ச பிட்ரேட். போன் தோசைக்கல்லாகச் சுட்டது. வந்த ஃபைல் 4.5 ஜிபி. மேட்டு லயத்து அண்ணன் கொடுத்த பென்டிரைவில் இடம் இருந்தும் ஏறவில்லை. ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக வாங்காதாம், அன்றுதான் தெரிந்தது.

சரி, படமாவது தெளிந்ததா? இல்லை. எடுத்ததே 1080பிதானே. 4கேயில் புள்ளிகள் நான்கு மடங்கு. இல்லாததை ஆப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து இட்டு நிரப்புகிறது. 60 கேட்டால் ஒவ்வொரு ஃப்ரேமையும் இரண்டு தடவை வைக்கிறது. சாயத்தண்ணியில் வெந்நீரை ஊற்றினால் கோப்பை நிறையும், சாயம் கூடுமா?

இனி பிட்ரேட். 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு 8 மெகாபிட், அதாவது 1 எம்பி) என்றால் நிமிடத்துக்கு 60 எம்பி. 1080பி, 30 ஃப்ரேமுக்கு யூடியூப் சொல்லும் அளவும் அந்த 8தான். உட்கார்ந்து பேசும் வீடியோவுக்கு அது தாராளம். ஆனால் கொழுந்து மலையைக் குறுக்கே காட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று வையுங்கள். ஆயிரக்கணக்கான இலைகள், ஒவ்வொரு ஃப்ரேமிலும் அத்தனையும் இடம் மாறுகின்றன. 5இல் வைத்துப் பார்த்தேன், இலை போய்ப் பச்சைக் களி வந்தது. மழையும் இதே ரகம். இவற்றுக்கு நான் 12 முதல் 15 வரை வைக்கிறேன். பனிமூட்டத்தின் தொல்லை வேறு: வெள்ளை மெல்லச் சாம்பலாகும் இடம் படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாகத் தெரியும். பிட்ரேட்டைக் கூட்டினால் ஓரளவு அடங்கும், முழுக்கப் போகாது.

எச்.264, எச்.265 என்பவை வீடியோவைச் சுருக்கும் முறைகள். புதியதான எச்.265 இருந்தால் குறைந்த அளவில் அதே தெளிவு கிடைக்கும். பழைய டிவியில் ஓடாமல் போகலாம், ஊர்க்காரர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் எச்.264தான் நல்லது.

இனி உங்கள் மங்கல். எக்ஸ்போர்ட் ஆன ஃபைலை முதலில் உங்கள் போன் கேலரியிலேயே திறந்து பாருங்கள். அங்கே பளிச்சென்று இருந்து, அனுப்பிய இடத்தில் மங்கினால் எக்ஸ்போர்ட்டைக் குறை சொல்லாதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாகப் போட்டால் அது தன் பங்குக்கு இன்னொரு தடவை சுருக்கும். டாக்குமென்டாக அனுப்புங்கள், 2 ஜிபி வரை போகும். கொழும்பிலிருக்கும் மாமாவுக்குக் கூத்தை 1080பியில் மறுபடி எக்ஸ்போர்ட் செய்து அப்படித்தான் அனுப்பினேன். டேட்டா தீர்ந்ததுதான் மிச்சம் என்று திட்டிவிட்டு, முழுக்கப் பார்த்தார்.