அப்பாவின் நெகட்டிவ்கள்: எந்த ஸ்கேனர், எந்த மென்பொருள்?

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற சுமார் 60 ரோல் நெகட்டிவ்கள் பீரோவில் இருக்கின்றன. பாதி, 1970களில் ஆக்ஃபா கிளிக் 3 கேமராவில் எடுத்த பெரிய அளவு கறுப்பு வெள்ளை. மீதி பிற்பாடு எடுத்த 35 மி.மீ. கலர். இணையத்தில் '22 மெகாபிக்சல்' பிலிம் ஸ்கேனர் ஒன்று 12,000 ரூபாய்க்கு வருகிறது. இன்னொன்றில் 7,200 டிபிஐ என்று போட்டிருக்கிறது. ஊர் ஸ்டூடியோவில் படத்துக்கு 30 ரூபாய் கேட்கிறார்கள். எதை வாங்குவது? ஃபோட்டோஷாப்புக்கு மாதாமாதம் பணம் கட்டத்தான் வேண்டுமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அந்த 12,000 ரூபாய்ப் பெட்டியை விட்டுவிடுங்கள். அப்பாவின் கிளிக் 3 படங்கள் அதற்குள் நுழையவே நுழையாது. அவை 120 பிலிம், ஒரு படம் ஏறக்குறைய 6 செ.மீ. சதுரம். இந்தக் குட்டிப் பெட்டிகள் 35 மி.மீ. பிலிமுக்கும் அதைவிடச் சிறியவற்றுக்கும் செய்தவை. உள்ளே இருப்பதும் ஸ்கேனர் அல்ல. ஒரு விளக்கும், அதற்கு எதிரே செல்போனில் இருப்பது போன்ற சின்ன கேமராவும்தான். பெரும்பாலானவை 13, 14 மெகாபிக்சலில் படம் பிடித்து, இல்லாத புள்ளிகளை இட்டு நிரப்பி 22 ஆக்கித் தருகின்றன. பாலில் தண்ணீர் கலந்து லிட்டர் கணக்குக் காட்டுகிற வேலை இது.

7,200 டிபிஐ கதையும் அதேதான். டிபிஐ என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி என்ற கணக்கு. இயந்திரம் எத்தனை புள்ளி எழுதுகிறது என்பது வேறு, அதில் எத்தனையில் உண்மையான விவரம் இருக்கிறது என்பது வேறு. பிளஸ்டெக் 8100 என்ற பிலிம் ஸ்கேனரின் அட்டைப்பெட்டியில் 7,200 என்று இருக்கும். அளந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்தது அதில் பாதி அளவே. எப்சன் வி600 என்ற ஸ்கேனரின் அட்டைப்பெட்டியில் 6,400 இருக்கும், கைக்கு வருவது சுமார் 1,600. உண்மை அளவைக் கண்டுபிடிக்க முறை இல்லையா என்றால், இருக்கிறது. பிலிம் ஸ்கேனருக்கென்றே ஐஎஸ்ஓ 16067-2 என்ற தரநிலை 2004இலேயே வந்துவிட்டது. அந்த அளவைப் பெட்டியில் அச்சிட வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. பிஸ்கட் பாக்கெட்டில் எடை குறைந்தால் கேஸ் போடலாம், இதைக் கேட்க நாதியில்லை.

சரி, எதைத்தான் வாங்குவது? உங்களிடம் 120, 35 இரண்டும் கலந்து இருப்பதால், மூடியில் விளக்கு உள்ள பிளாட்பெட் ஸ்கேனர், அதாவது கண்ணாடி மேல் வைத்து மூடி ஸ்கேன் செய்யும் வகைதான் பொருந்தும். வி600 அந்த வகை. ஆபீஸ்களில் இருக்கும் சாதாரண பிளாட்பெட் உதவாது, நெகட்டிவ்வுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வர வேண்டும். 1,600 டிபிஐ உங்களுக்குப் போதுமா என்று கேட்பீர்கள். 120 படம் பெரியது என்பதால் 11, 12 அங்குலச் சதுர பிரிண்ட் தாராளமாகப் போடலாம். 35 மி.மீ. படத்தில் 5க்கு 7 அங்குலம் வரை நன்றாக வரும், ஆல்பத்துக்கு அது போதும். கூடத்தில் பெரிதாக மாட்ட வேண்டிய கலர் படம் 10, 20 இருந்தால் அவற்றை மட்டும் நல்ல லேபில் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் செய்யும்போது 3,200க்கு மேல் வைக்க வேண்டாம். அதிலேயே ஒரு 35 மி.மீ. கலர் படம், விவரத்தை இழக்காமல் சேமிக்கும் 16 பிட் டிஃப் கோப்பாக 80 எம்பி வரும், 36 படம் உள்ள ரோல் 3 ஜிபி. 6,400 வைத்தால் கோப்பு நான்கு மடங்காகும், விவரம் கூடாது.

ஒன்றை மட்டும் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வி600இல் தூசியையும் கீறலையும் தானாக நீக்கும் வசதி உண்டு, டிஜிட்டல் ஐஸ் என்பார்கள். கலர் நெகட்டிவ்வில் அற்புதமாக வேலை செய்யும். உங்கள் கறுப்பு வெள்ளையில் அதை அணைத்துவிடுங்கள். கலர் பிலிமில் படம் சாயத்தால் ஆனது, அகச்சிவப்பு ஒளி அதை ஊடுருவிப் போய்விடும், தூசியில் மட்டும் தடுபடும். எங்கே தடுபடுகிறதோ அங்கே தூசி என்று இயந்திரம் கண்டுகொள்கிறது. கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள். வெள்ளியும் அந்த ஒளியைத் தடுக்கும். ஆக, உங்கள் பாட்டியின் கண்ணையும் புருவத்தையும் தூசி என்று நினைத்து இயந்திரம் பூசி மெழுகிவிடும். ஊட்டியில் தயாரான இந்து பிலிம், கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ என்று அந்தக் காலத்தில் இங்கே புழங்கிய கறுப்பு வெள்ளை எல்லாம் வெள்ளிதான். கலர் ரசாயனத்தில் கழுவும் கறுப்பு வெள்ளை பிலிம் என்றும் ஒன்று உண்டு. அதற்கு மட்டும் ஐஸ் போடலாம். கிளிக் 3 காலத்து ரோலில் அது இருக்க வாய்ப்பே இல்லை. எனவே காற்றடிக்கும் ரப்பர் பந்தால் தூசியை ஊதிவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். மிச்சத்தைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும்.

வெள்ளி என்றதும் இன்னொன்று. பழைய எக்ஸ்ரே, நெகட்டிவ் எடைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று வருகிறவர்கள் அந்த வெள்ளிக்காகத்தான் வருகிறார்கள். ஸ்கேன் முடிந்த பிறகும் கொடுத்துவிடாதீர்கள்.

ஸ்டூடியோவுக்கு வருகிறேன். உங்கள் கணக்கில் 1,400 படத்துக்கு மேல் இருக்கும், 30 ரூபாய் வீதம் 42,000 தாண்டிவிடும். பணத்தைவிட நெகட்டிவ் கைமாறுவதுதான் எனக்குப் பயம். பல ஊர்களில் வாங்கி வைக்கிறவர் ஒருவர், ஸ்கேன் செய்கிறவர் வேறு ஊரில் வேறொருவர். நடுவில் ஒரு கமிஷன், ஒரு பார்சல். என் வீட்டு நெகட்டிவ் ஒருமுறை அப்படிப் போய், நான்கு படத் துண்டு இரண்டிரண்டாக வெட்டுப்பட்டு வந்தது. மிஷினில் மாட்ட வசதியாக இருக்குமாம். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரே ஒரு ரோல் கொடுத்துப் பாருங்கள். 16 பிட் டிஃப் கேளுங்கள். "ஜேபெக்தான் தருவோம், எல்லாம் ஒண்ணுதான்" என்றால் நெகட்டிவ்வை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

மென்பொருள் விஷயம் சுருக்கமானது. மாதச் சந்தா வேண்டாம். ஸ்கேனரோடு வருவதே ஆரம்பத்துக்குப் போதும். கலர் நெகட்டிவ்வின் ஆரஞ்சு நிறம் படுத்தினால், ஸ்கேனரை இயக்கும் வியூஸ்கேன் என்ற தனி மென்பொருளை வாங்குங்கள். ரோலில் வெளிச்சம் படாமல் வெறும் ஆரஞ்சாகத் தெரியும் பகுதியை முதலில் ஸ்கேன் செய்து அந்த ஆரஞ்சைப் பூட்டி வைத்துவிட்டால், ரோல் முழுக்க நிறம் ஒரே சீராக வரும். கம்பெனிகள் கைவிட்ட பழைய ஸ்கேனர்கள் பலவும் அதில் ஓடும், விண்டோஸ் மாறியது என்று நல்ல இயந்திரத்தைக் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டியதில்லை. பூஞ்சைப் புள்ளி, கீறல் நீக்க ஜிம்ப் என்ற படத் திருத்த மென்பொருள் இருக்கிறது, இலவசம். அப்புறம், மங்கிய முகத்தை ஒரே தட்டில் பளிச்சென்று ஆக்கும் ஏஐ செயலிகள். அவை முகத்தைத் துலக்குவதில்லை, புதிதாக ஒரு முகம் வரைகின்றன. வாட்ஸ்அப்புக்கு வேண்டுமானால் செய்துகொள்ளுங்கள், மூலக் கோப்பில் கைவைக்காதீர்கள்.

ஸ்கேனர் வந்து சேர்வதற்குள் ஒரு வேலை. கவர்களை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் பிலிமின் அடித்தாள் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், பக்கத்தில் இருப்பவற்றையும் அது கெடுக்கும். அந்தக் கவர்களைத் தனி டப்பாவில் பிரித்து வையுங்கள். சுருண்டுவிட்டால் ஸ்கேனரில் தட்டையாகப் படியாது, அதனால் அவற்றைத்தான் முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும்.